கைட்போர்டும் முட்டி வலியும்: ஸ்ட்ராப் கோணத்தை எவ்வளவு வைப்பது?

2025 ஜூன் 8, வந்த கேள்வி

"அண்ணா, நான் பெங்களூர் மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, போர்டில் நின்று தண்ணீரில் சறுக்குவது) பழக, போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு 138 ட்வின்டிப் (138 செ.மீ. நீளம், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிற போர்டு) வாங்கினேன். பாதத்தை மாட்டுகிற ஸ்ட்ராப் இரண்டும் வெளிப்பக்கம் 15 டிகிரி, இரண்டு பாதத்துக்கும் நடுவே உள்ள அகலம் கடைசி ஓட்டையில். ராமேஸ்வரத்தில் தண்ணீரில் இறங்கி அரை மணி ஆனால் வலது முட்டியின் உள்பக்கம் பிடித்துக்கொள்கிறது. இடது முட்டியில் ஒன்றும் இல்லை. கரையில் ஒருத்தர் பார்த்துவிட்டு, 'டக் ஸ்டான்ஸ்தான் (பாதம் ரெண்டும் வாத்து மாதிரி வெளியே பார்க்கிற நிலை) முட்டியைக் காலி பண்ணுது, ரெண்டையும் ஜீரோ ஆக்கு' என்றார். ஆக்கிடவா?"

2025 ஜூன் 8, இரவு

ஆக்காதீர்கள். அந்த அகலத்தில் பாதத்தை நேராக வைத்தால் முட்டி இரண்டும் உள்ளே சரியும். இப்போது அரை மணியில் வரும் வலி அப்புறம் கால் மணியில் வரும்.

முதலில் டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஒரு பேடின் (ஸ்ட்ராப்புக்கு அடியில் பாதம் வைக்கிற மெத்தை) நடுவிலிருந்து இன்னொரு பேடின் நடுவுக்கு எத்தனை செ.மீ.? அப்புறம், வலி எந்தப் பக்கம் போகும்போது வருகிறது? இடது பக்கம் போகும்போதா, வலது பக்கம் போகும்போதா? இதைச் சொல்லாமல் கோணத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

2025 ஜூன் 9

பதில் வந்துவிட்டது: 62 செ.மீ., இடது பக்கம் போகும்போது. நினைத்தது போலத்தான்.

இடது பக்கம் போகும்போது வலது கால் பின்கால். போர்டின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடிக்கிற வேலையில் பெரும்பங்கு அதற்கு. மடங்கி நிற்பதும் அதுதான். உடம்பு எங்கே பார்க்கிறது? போகிற திசையை, அதாவது இடது பக்கம். இடுப்பு திரும்புகிறது, தொடை கூடவே திரும்புகிறது, முட்டியும் போர்டின் மூக்கைப் பார்க்க ஆசைப்படுகிறது. ஆனால் பாதம் ஸ்ட்ராப்பில் மாட்டிக்கொண்டு 15 டிகிரி வலது பக்கம், போர்டின் வாலைப் பார்த்து நிற்கிறது. மேலே இடது, கீழே வலது. முட்டி முக்கியமாக மடங்கி நிமிர்கிற மூட்டு. மடங்கியிருக்கும்போது கொஞ்சம் சுழலும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை நீங்கள் அரை மணி நேரம் முழு எடையோடு கடன் வாங்குகிறீர்கள். உள்பக்க ஜவ்வு கணக்குக் கேட்கிறது.

ஆகவே கரையில் சொன்னவர் முழுக்கத் தப்பில்லை. பின்காலுக்கு 15 அதிகம்தான். அவர் விட்டது முன்காலை. அதே நேரத்தில் முன்கால் பாதம் திறந்திருக்கத்தான் விரும்பும், ஏனென்றால் அது போகிற திசையைப் பார்க்கிற கால். அதை ஜீரோவில் பூட்டினால் திருகல் அங்கே போய்விடும். ட்வின்டிப்பில் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்கால் பின்காலாகும், பின்கால் முன்காலாகும். ஒரே கோணம் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

அகலம் பற்றி மேலே முடிக்காமல் விட்டுவிட்டேன். 168 செ.மீ. ஆளுக்கு 62 ரொம்ப அகலம். உயரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, கால் நீளம், இடுப்பு அகலம் எல்லாம் உண்டு, ஆனாலும் 52-இலிருந்து 57-க்குள் ஏதோ ஒன்றில் ஆரம்பிப்பேன். உங்கள் போர்டில் ஓட்டைக்கு ஓட்டை 2.5 செ.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை உள்ளே கொண்டுவாருங்கள், 57 ஆகிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தாதீர்கள். போர்டின் நடுவிலிருந்து விலகி நிற்பீர்கள், ஒரு பக்கம் போகும்போது மூக்கு அமுங்கும், இன்னொரு பக்கம் வால் இழுக்கும்.

"அகலமாக நின்றால்தான் கெத்து" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வீடியோவில் பெரிய ஜம்ப் அடிக்கிறவர்கள் அகலமாக நிற்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை. இறங்கும்போது அகலம் உதவும் என்பது உண்மை. நாம் அடிப்பது பெரும்பாலும் போவதும் வருவதும்தான். அதற்கு அவ்வளவு அகலம் தேவையில்லை.

2025 ஜூன் 14

கோணம் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்கிற வழி: தரையில் ஒரு குதி குதி, பாதம் எப்படி விழுகிறதோ அதுதான் உன் கோணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு காலிலும் சம எடையோடு, ஹால் நடுவில் நிற்கிற ஆளின் கோணம். தண்ணீரில் அப்படி யார் நிற்கிறார்கள்?

நான் செய்வது வேறு. போர்டின் அடியில் இருக்கிற ஃபின்னை (சின்னத் துடுப்பு) கழற்றிவிட்டு, தரையில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு, அதன்மேல் போர்டை வைக்கிறேன். ஹார்னஸ் (கைட்டின் இழுப்பைத் தாங்க உடம்பில் கட்டுகிற பட்டை) கட்டிக்கொண்டு அதன் கொக்கியில் ஒரு கயிறு மாட்டி, கயிற்றை ஜன்னல் கிரில்லில் தலைக்குக் கொஞ்சம் மேலே கட்டிவிடுகிறேன். அப்படியே பின்னால் சாய்ந்தால் எடை முழுக்கக் கயிற்றில். குதிகாலால் போர்டின் விளிம்பை அழுத்தி, தலையையும் தோளையும் இடது பக்கம் திருப்பி, பின்முட்டியை மடக்கினால் கிட்டத்தட்ட தண்ணீரில் நிற்கிற நிலை வந்துவிடும். இப்போது வீட்டில் யாரையாவது முன்னாலிருந்து மொபைலில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்காலில் முட்டிச்சில்லுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? பெருவிரலுக்கு அடுத்த விரல் இருந்தால் நல்லது. முட்டி பெருவிரலையும் தாண்டி உள்ளே போயிருந்தால் வலிக்கான காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

அடுத்து போர்டை எடுத்துவிட்டு மெத்தையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதே மாதிரி சாய்ந்து நின்று, பாதத்தைத் தானாகப் போகிற இடத்துக்குப் போக விடுங்கள். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு. பள்ளிக்கூடப் பாகைமானி போதும் அளக்க. எனக்கு முன்கால் 16 டிகிரி வெளியே போனது, பின்கால் 2 டிகிரிதான். திசை மாற்றி நின்றாலும் கிட்டத்தட்ட அதே கதை. இரண்டுக்கும் நடுவே 9. பேடில் 9 என்று ஒரு குறி இருந்தது, வைத்துவிட்டேன்.

உங்களுக்கு 9 என்று நான் சொல்லவில்லை. அட்டையில் நின்று பாருங்கள். சிலருக்குக் கீழ்க்கால் எலும்பே நன்றாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், அவர்களுக்கு 12, 15 கூட சுகமாக இருக்கும். நடக்கும்போதே பாதம் உள்ளே பார்க்கிற ஆட்கள் உண்டு. அவர்களை 15-இல் பூட்டுவது தண்டனை.

2025 ஜூன் 15

கிரில் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுவரோடு பதித்த பழைய இரும்பு கிரில்லைத்தான் சொன்னேன். புது அபார்ட்மெண்ட் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் கட்டினால் ஜன்னலோடு விழுவீர்கள். பால்கனி கம்பியில் கட்டவே கட்டாதீர்கள். எங்கள் அல்சூர் வீடு பழசு, கிரில் தாங்கும். வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் ஏதோ கேட்டார், "யோகா சார்" என்றேன். போய்விட்டார்.

2025 ஜூன் 22

மாரத்தஹள்ளி தம்பி போர்டின் படம் அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். பேடில் விரல் பிடிக்க ஒரு சின்ன மேடு வளைந்து போகும், பெருவிரல் பக்கம் உயர்ந்து சுண்டுவிரல் பக்கம் இறங்கும். உங்கள் படத்தில் அது தலைகீழாக இருக்கிறது. தம்பி, இடது பேட் வலது பக்கமும் வலது பேட் இடது பக்கமும் மாட்டியிருக்கிறது. விற்றவர் கழற்றிக் கழுவிவிட்டு மாற்றி மாட்டியிருப்பார்.

அந்த மாடல் பேடில் வெளி ஓரம் கொஞ்சம் உயர்ந்து உள்ளே சரிவாக இருக்கும். அகலமாக நிற்கிற கால் போர்டில் சாய்வாகத்தான் வந்து இறங்கும், அந்தச் சாய்வுக்குப் பாதம் தட்டையாக உட்காரவே அந்தச் சரிவு. மாற்றி மாட்டியதால் உயர்ந்த ஓரம் உள்ளே வந்துவிட்டது. 62 செ.மீ. அகலத்தில், எதிர்ச் சரிவில் கணுக்கால் ஒரு பக்கம் தள்ள, முட்டி இன்னொரு பக்கம் போக, நடுவில் 15 டிகிரி வேறு. உங்கள் இடது முட்டி இன்னும் பேசாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

ஸ்ட்ராப்பையும் பாருங்கள். பலர் ஸ்ட்ராப்பை லூசாக வைத்துவிட்டு விரலால் கவ்விப் பிடிக்கிறார்கள். லூசாக இருந்தால் குதிகால் நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் 9 டிகிரியில் வைத்தாலும் கால் தன் இஷ்டத்துக்கு நிற்கும். ரொம்ப இறுக்கினாலும் வம்பு, விழும்போது கால் கழலாது. கால் கழலாமல் போர்டு திரும்பினால் திரும்புவது முட்டிதான்.

2025 ஜூன் 23

திருகு தொலைந்துவிட்டது, எங்கே கிடைக்கும் என்று கேள்வி. பெரும்பாலான போர்டுகளுக்கு எம்6 (6 மி.மீ. விட்டம்). பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் பழைய திருகைக் கையில் எடுத்துப் போங்கள், "எம்6 குடுங்க" என்று மட்டும் கேட்டால் நீளத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் இன்சர்ட்டின் (திருகு இறங்க போர்டுக்குள் பதித்த மரை) அடியை முட்டித் தள்ளி போர்டின் அடிப்பக்கம் ஒரு கொப்புளம் கிளம்பும். அப்புறம் அங்கே தண்ணீர் இறங்கும். குட்டையாக இருந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் ஜம்ப்பில் இன்சர்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

316 ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 304-ஐ நீட்டி "இதுவும் ஸ்டெயின்லெஸ்தான் சார்" என்பார். பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்கு அது போதும், உப்புத் தண்ணீரில் துருப்புள்ளி விடும்.

இன்னொன்று. பேடின் அடியில் பல் பல்லாக ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதுதான் கோணத்தைப் பூட்டுவது. அந்தப் பற்களுக்குள் மணல் இருந்தால் பல் பல்லோடு உட்காராது. மேலே திருகு இறுகின மாதிரிதான் தெரியும். தண்ணீரில் போய் நாலு தடவை அழுத்தினதும் மணல் நகர்ந்து, பேட் ஒரு பல் திரும்பிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் மறுபடி ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

2025 ஜூலை 6

வேறொருவர்: "எனக்கு இடது முட்டி. எந்தப் பக்கம் போனாலும் வலி. கோணம் 6, அகலம் 54, எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன்."

சார், நீங்கள் ஓட்டுவது மேனுவல் காரா? வீடு ஒயிட்ஃபீல்டு, ஆபீஸ் எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்றால் தினமும் சில்க் போர்டு வரைக்கும் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடுகிறீர்கள். வருடத்தில் கொஞ்ச நாள் மிதிக்கிற போர்டை நோண்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ரெண்டு வாரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

கிண்டல் இல்லை இது. எந்தப் பக்கம் போனாலும் ஒரே முட்டி என்றால் அந்த முட்டி தண்ணீருக்கு வரும்போதே சரியில்லாமல் வருகிறது. போர்டால் வருகிற வலி பெரும்பாலும் அது பின்காலாக இருக்கும்போது அதிகம், முன்காலாக இருக்கும்போது குறைவு என்று வித்தியாசம் காட்டும்.

2025 ஜூலை 7

அந்த சார் மறுபடி எழுதியிருக்கிறார். கார் ஆட்டோமேட்டிக்காம். சரி, என் துப்பறியும் வேலை தோற்றது. ஆனால் வலி முட்டியின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே என்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் காரை இழுத்திருக்க மாட்டேன்.

முன்பக்க வலிக்குக் கோணம் அவ்வளவாகக் காரணம் இல்லை. முட்டியை ஆழமாக மடக்கி, பாரத்தோடு, அலையின் குலுக்கலையும் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பதால் வருவது. ஏன் அப்படி நிற்கிறோம்? பெரும்பாலும் கைட் பெரிசு. 70 கிலோ ஆள் 20 நாட் வேகக் காற்றில் 12 சதுர மீட்டர் கைட் பறக்க விட்டால் வேறு வழியில்லை, பின்காலில் உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு 9 சதுர மீட்டர் போதும். சின்னக் கைட் இல்லையென்றால் டிரிம் பட்டையை இழுத்து சக்தியைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் கரைக்கு வாருங்கள், டீ குடியுங்கள்.

இடுப்பை முன்னால் தள்ளி, மார்பை வானத்துக்குக் காட்டி, முன்காலைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி அதிலும் குதிகால் அழுத்தம் கொடுத்தால் பாரம் இரண்டு காலுக்கும் பிரியும். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிப் போகிறவர்களுக்கு எந்த ஸ்க்ரூ டிரைவரும் உதவாது.

போர்டின் விறைப்பும் உண்டு. விறைப்பான கார்பன் போர்டு குலுக்கலை அப்படியே முட்டிக்கு அனுப்பும். கொஞ்சம் வளைகிற மரப் போர்டு பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். பேடின் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போய்த் தகடு மாதிரி ஆகியிருந்தால் பேடை மாற்றுங்கள்.

2025 ஜூலை 20

ராமேஸ்வரம் போய் வந்தாயிற்று. ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் தீவுக்குள்ளேயே போகிறது, மண்டபத்தில் இறங்கிப் போர்டு மூட்டையோடு பஸ் பிடிக்கிற அவஸ்தை இல்லை. நடுவில் 72.5 மீட்டர் இரும்புத் துண்டு ஒன்று செங்குத்தாக மேலே போய் இறங்குகிறது, கப்பல் போக. அவ்வளவு எடையைத் தூக்கி இறக்கியும் அதற்கு வலியில்லை. கோணத்தைச் சரியாக வைத்திருக்கிறார்கள் போல.

மாரத்தஹள்ளி தம்பியும் வந்திருந்தார். பேடை இடம் மாற்றி, அகலம் 57, கோணம் 9. முதல் நாள் காலையில் ரயிலை விட்டு இறங்கி நேராகத் தண்ணீரில் இறங்கப் பார்த்தார், பிடித்து நிறுத்தினேன். ராத்திரி முழுக்க சைடு பெர்த்தில் முட்டியை மடக்கிப் படுத்துவிட்டு வந்த காலை உடனே ஸ்ட்ராப்பில் மாட்டுவது எந்தக் கோணத்திலும் நல்லதில்லை. மணலில் கொஞ்சம் நடை, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருத்தல், அப்புறம் கைட்டுக்குக் காற்றடித்தோம்.

கச்சான் காற்று நன்றாக வீசியது. மதியம் வரை வலி இல்லை என்றார். மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் பிடித்ததாம், ஆனால் பழைய இடத்தில் இல்லை, பின்தொடையில். அது சோர்வு. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "வள்ளத்துல நின்னு வலை இழுக்கிறவனுக்கு யாரு தம்பி டிகிரி வச்சுக் குடுத்தா?" என்றார். பதில் இருக்கிறது ஐயா, உங்கள் காலை யாரும் பட்டை போட்டுக் கட்டவில்லை. நினைத்தபோது நகர்த்திக்கொள்கிறீர்கள். இதே காரணத்துக்காகத்தான் முட்டி போனவர்கள் சிலர் ஸ்ட்ராப் இல்லாத சர்ஃப்போர்டுக்கு மாறிவிடுகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 3

9 டிகிரி பற்றி ஒரு மறுயோசனை. நேராகப் போகவும் வரவும் அது சரி. இப்போது கொஞ்சம் ஜம்ப் அடிக்க ஆரம்பித்திருக்கிறேன், இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாக, இடுப்பு நேராக, ஆழமாக மடங்குகிறது. அந்த நிலையில் பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே இருந்தால் முட்டி உள்ளே சரியாமல் நிற்கிறது. 12-க்கு மாற்றிப் பார்த்தேன், இறங்குவது சுகம். நீண்ட தூரம் காற்றுக்கு எதிரே ஏறும்போது பின்முட்டி லேசாக முணுமுணுக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது போலிருக்கிறது. ஜம்ப் அடிக்கிற நாளில் 12, சும்மா சுற்றுகிற நாளில் 9 என்று வைத்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தில் பெரும்பாலும் 9-லேயே இருக்கிறது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அகலம், கோணம், ஸ்ட்ராப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வலி போய்விட்டது, எதனால் என்று கேட்டால் யார் சொல்வது? தம்பிக்கு மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொன்னது பேட் தலைகீழாக இருந்ததால்.

2025 ஆகஸ்ட் 17

முட்டி வீங்குகிறது, நடக்கும்போது திடீரென்று பூட்டிக்கொள்கிறது, படி இறங்கும்போது கால் நழுவுகிற மாதிரி விட்டுவிடுகிறது என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: போர்டைத் தொடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே. நான் சொல்கிற அட்டைப்பெட்டி வைத்தியம் ஜவ்வு கிழிந்தவருக்கு இல்லை.

2026 ஜனவரி 11

வாடைக் காற்று ஆரம்பித்ததும் இந்த இழைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. மாரத்தஹள்ளி தம்பி 57-இலிருந்து 54-க்கு இறங்கியிருக்கிறார். காற்றுக்கு எதிரே ஏறுவது சுலபமாகிவிட்டதாம், ஆனால் சொரசொரத் தண்ணீரில் போர்டு ஆடுகிறதாம். ஆடத்தான் செய்யும். அவருக்கு அது பரவாயில்லை என்றால் பரவாயில்லை.

புதுக் கேள்வி: "ஸ்ட்ராப்புக்குப் பதில் பூட்ஸ் போட்டால் முட்டிக்கு நல்லதா? கால் ஆடாமல் இருக்குமே?" கணுக்காலுக்கு ஆதரவு கிடைக்கும், பெரிய ஜம்ப்பில் போர்டு கழன்று பறக்காது, எல்லாம் சரி. ஆனால் ஸ்ட்ராப்பில் கோணம் இரண்டு டிகிரி தப்பாக இருந்தால் குதிகால் நகர்ந்து சமாளித்துக்கொள்ளும். பூட்ஸில் அந்தச் சலுகை கிடையாது, தப்பு முழுக்க முட்டிக்குப் போகும். விழும்போது காலும் சுலபத்தில் கழலாது, போர்டு ஒரு நெம்புகோலாகி முட்டியைத் திருகும். ஏற்கெனவே உள்பக்கம் வலிக்கிற ஆளுக்கு நான் பூட்ஸ் சொல்ல மாட்டேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஸ்ட்ராப்பிலேயே ஒரு சீசன் முழுக்க வலியில்லாமல் ஓட்டி, அந்த அகலத்தையும் கோணத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதே எண்ணில் பூட்ஸை மாட்டுங்கள்.